மகாவலிக் கரையில் கற்ற பாடம்

இந்துக் கல்லூரியின் விழா மலரிலே மீன்பிடியைப் பற்றி எழுதப் புகுந்த எம்மை அன்பர் சிலர் கடிந்துகொள்ளவும் கூடும். வெள்ளி தவறாது கட்டுக்கலைப் பிள்ளையாரைத் தொழுது வளர்ந்த மாணவர்க்குத் தூண்டிலோடு என்ன உறவு என அவர்கள் வினவலாம். அவர்கட்கு நாம் கூறும் விடை ஒன்றே. அறுபத்துமூவருள் ஒருவராகிய அதிபத்த நாயனார் நாகபட்டினத்துப் பரதவர். நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலே விட்டவர். ஒரே மீன் அகப்பட்ட நாளிலும் அதனையே விட்டவர். பிடித்ததற்காக அன்று, விட்டதற்காகவே அவர் போற்றப்படுகிறார். நாமும் இங்கே பிடித்ததை விட, விட்டதையே மிகுதியாகச் சொல்லப் போகிறோம்.

எமது தந்தையார் கண்டிக் கச்சேரியிலே இலிகிதராயிருந்தார். வகுப்பிலே எம்முடன் ஒரே வாங்கில் அமர்ந்த நண்பர் ஹந்தானை மலைச்சாரலிலிருந்து நடந்து வருபவர். அவருடைய தந்தையார் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையிலே வேலை பார்த்தார். கணக்கிலே நாம் அவருக்கு உதவினோம்; தூண்டிலிலே அவர் எமக்குக் குருவானார்.

கண்டிக் குளத்திலே மீன் பிடித்தல் ஆகாது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டுவித்த அக்குளத்து மீன்கள் மனிதர் கையால் பொரி உண்டு வாழ்பவை. ஆதலால் சனிக்கிழமைகளிலே நாம் இருவரும் கெட்டம்பேக்கு நடப்போம். மகாவலி கங்கை கண்டி நகரை மூன்று புறமும் வளைத்து ஓடுவது யாவரும் அறிந்ததே. பேராதனைப் பூந்தோட்டத்தைச் சுற்றி வந்து நகரை நோக்கித் திரும்பும் அந்தக் கரையிலே, மூங்கிற் புதர் ஒன்றின் நிழல் எமது இருக்கையாயிற்று.

மேலைநாடுகளிலே இலையுதிர்காலம் மீன்பிடிக்கு உகந்ததென்பர். எமக்கு இலையுதிர்காலம் இல்லை, ஐப்பசி உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து வடகீழ்ப் பருவக்காற்று தொடங்குமுன் வரும் அந்த நாட்களிலே காலை வெயில் தெளிந்திருக்கும். பிற்பகலிலே ஹந்தானை முகட்டிலே இடி முழங்கும். மாலையிலே ஆறு செந்நிறமாய்ப் பெருகும். பெருகிய ஆறு வடியத் தொடங்கும் மறுநாட் காலையே தூண்டிலுக்கு ஏற்றது என்பது நண்பர் கண்ட முடிபு. வெள்ளம் அடித்து வந்த புழு பூச்சிகளைத் தேடி மீன்கள் கரையோரத்து அமைதியான நீருக்கு வரும் என்பார். சிங்கள நண்பர்கள் பெத்தியா என்று அழைக்கும் கெண்டை இனங்களும், 1952 ஆம் ஆண்டிலே இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பெற்ற திலாப்பியாவும் எமக்கு அகப்பட்டவற்றுள் பெரும்பாலானவை.

நண்பரின் கருவிகள் எளியவை. மெல்லிய மூங்கில் ஒரு தடி. அதன் நுனியிலே தங்கூசி நூல். மிதவைக்கு மயிலிறகின் தண்டு. பழைய தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தே ஒட்டியிருந்த ஈயத்தாளைச் சுருட்டி முள்ளின் கழுத்திலே இறுக்கி, அதன்மேல் சேவலின் கழுத்திறகு இரண்டைச் சிவப்பு நூலாற் கட்டுவார். நீரிலே மெல்ல இழுத்தால் அவ்விறகு சிறு மீன்குஞ்சு போலத் துடிக்கும். மண்புழு கிடைத்த நாளிலே புழு; கிடைக்காத நாளிலே இறகு.

மிதவைக்கும் முள்ளுக்கும் இடையே எவ்வளவு நூல் விடுவது என்பதிலேயே பாதி வெற்றி தங்கியிருக்கிறது. மிகுதியாயின் முள் சேற்றிலே கிடக்கும். குறைவாயின் மீனின் தலைக்கு மேலே வீணே அலையும். மறு பாதி, மிதவையை வாசிப்பதிலே இருக்கிறது. மிதவை சிறிது நடுங்கினால் குஞ்சு மீன் கொறிக்கிறது, பொறுக்க வேண்டும். ஒரே சீராகச் சாய்ந்தால் நீரோட்டம் இழுக்கிறது, அதுவும் மீனன்று. நீரோட்டத்திற்கு எதிராகவோ குறுக்காகவோ மெல்ல நகர்ந்து அமிழுமாயின் அதுவே மீன். சில வேளை மிதவை அமிழாது மேலெழுந்து படுத்துவிடும். இரையைக் கவ்விய மீன் மேல்நோக்கி வருகிறது என்பது அதன் பொருள். "வெட்டி இழுக்காதே, தூக்கு, போதும்" என்பார் நண்பர். முதலில் அகப்படும் மீனை அவர் எப்போதும் ஆற்றிலே விட்டுவிடுவார். அதிபத்தர் கதையை அவருக்குச் சொன்னவர் அவருடைய பாட்டியார்.

1971 ஆம் ஆண்டு ஐப்பசியிலே ஒரு சனிக்கிழமை. முதல் நாள் மழை. காலையிலே ஆறு வடிந்துகொண்டிருந்தது. அன்றுபோல் மீன் அகப்பட்ட நாள் வேறில்லை. நண்பர் முதல் மீனை விட்டார், இரண்டாவதையும் விட்டார், அகப்பட்ட அனைத்தையுமே விட்டார். காரணம் கேட்டதற்கு, "இருக்கட்டும், ஆற்றிலேயே இருக்கட்டும்" என்றார். நாம் சிரித்தோம். பரீட்சையைப் பற்றியும், கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றியும் ஓயாது பேசினோம். இரண்டு முறை அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். இரண்டு முறையும் நாம் மிதவையைக் காட்டி அவர் வாயை அடக்கினோம். புறப்படும்போது தம் மூங்கிற்றடியை எமது கையிலே கொடுத்து, "நீயே வைத்துக்கொள்" என்றார். வீட்டிலே இடமில்லை போலும் என்று எண்ணி வாங்கிக்கொண்டோம்.

திங்கட்கிழமை வாங்கிலே அவரிடம் வெறுமையாயிருந்தது. இடாப்பிலே அவர் பெயர் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு விழுந்தது. அதன் பின்னரே அறிந்தோம்: 1964 ஆம் ஆண்டு அக்டோபரிலே சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்படவிருந்த 5,25,000 பேருள் நண்பரின் குடும்பமும் ஒன்று. ஞாயிறு இரவு கண்டிப் புகையிரத நிலையத்திலே கோச்சி ஏறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலிலே இராமேசுவரம் போய்விட்டனர். வழியனுப்ப வந்தோர் அழுத அழுகை நிலையத்திற்கு வெளியேயும் கேட்டதாம். அவ்வேளையிலே நாம் எமது வீட்டிலே, அவர் தந்த தடிக்குப் புதிய நூல் கட்டிக்கொண்டிருந்தோம்.

மறு ஆண்டிலே கோத்தகிரியிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. தமிழ்நாட்டு அரசு தாயகம் திரும்பியோர்க்கென நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களை அமைத்திருந்ததை நாம் அறிவோம். "இங்கும் மலை இருக்கிறது, தேயிலை இருக்கிறது. ஆறு இல்லை" என்று எழுதியிருந்தார். பரீட்சை முடியட்டும் எனப் பதிலைத் தள்ளினோம். முடிந்தபின் உத்தியோகம் தேடினோம். மூன்றாண்டு கழித்து எழுதிய கடிதம் பெறுவார் இன்றித் திரும்பி வந்தது. நீரினுள்ளே நடப்பதை ஒரு மயிலிறகின் அசைவிலே கண்டுகொண்ட எமக்கு, அருகிலே இருந்தவரின் முகத்தைக் காணும் பொறுமை இல்லாது போயிற்று.

ஆறும் பின்னர் மாறியது. 1976 ஆம் ஆண்டிலே பொல்கொல்லையிலே அணை கட்டி, நீரின் ஒரு பகுதியை மலையைக் குடைந்த சுரங்கவழியே உக்குவளைக்குத் திருப்பினர். 1985 ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற விக்டோரியா அணை பழைய தெல்தெனிய நகரை நீருள் ஆழ்த்தியது.

சென்ற ஐப்பசியிலே எமது மகனும் பேரனும் கனடாவிலிருந்து வந்திருந்தனர். பேரன் தன் பெட்டியிலிருந்து ஒரு சிறு பேழையை எடுத்துக் காட்டினான். சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு மிதவை. ஈயத்தலையும் இறகு வாலும் கொண்ட சிறு முட்கள். அவற்றை ஜிக் என்கிறார்கள். தேயிலை ஈயமும் சேவலிறகும் எமது நினைவிலே வந்து நின்றன. ஒன்ராறியோ மாகாணத்து ஏரிகளிலே கிராப்பி என்றொரு மீன் உண்டாம். இலையுதிர்காலத்திலே நீர் குளிரக் குளிர அவை ஆழத்திலே கூட்டமாய்ச் சேருமாம். தமக்கு மேலே தெரியும் இரையையே விரும்பிக் கவ்வுவதால், கூட்டத்திற்குச் சற்று மேலே முள் தொங்குமாறு மிதவையை அமைக்க வேண்டுமாம். வாய் காகிதம் போல மெல்லியதாகையால் வெடுக்கென இழுத்தால் கிழிந்துவிடுமாம். "மெதுவாகத் தூக்கவேணும், அப்பப்பா" என்றான் அவன். அரை நூற்றாண்டுக்கு முன் கேட்ட சொல்லையே கேட்டோம்.

மறுநாள் அவனைக் கெட்டம்பேக்கு அழைத்துச் சென்றோம். நெடுநேரம் கழித்து ஒரு திலாப்பியா அகப்பட்டது. அதனை விடச் சொன்னோம். ஏன் என்று கேட்டான். நண்பரின் கதை முழுவதையும் சொன்னோம். "அவருக்குப் பதில் எழுதினீர்களா?" என்று மட்டும் கேட்டான். மீனை அவனே ஆற்றிலே விட்டான்.

விழா மலரின் ஈற்றிலே பழைய மாணவர் பெயர்ப்பட்டியல் வெளிவருதல் வழக்கம். கற்று முடித்தோர் பெயர் அதிலே இருக்கும். இடையிலே கோச்சி ஏறியவர் பெயர் இராது. பழைய இடாப்புகளைப் புரட்டிச் சிவப்புக் கோடு விழுந்த பெயர்களையும் சேர்க்குமாறு மலர்க் குழுவினரை வேண்டுகிறோம். எமது நண்பரின் பெயரை அவர்களிடம் கொடுத்துள்ளோம். இன்று வாங்குகளிலே அமர்ந்திருக்கும் இளைஞர்க்கு நாம் சொல்லக்கூடியது சிறிது. பக்கத்திலே இருப்பவர் ஏதோ சொல்ல வாயெடுத்தால், மிதவை அமிழ்ந்தாலும் சரி, அவர் முகத்தைப் பாருங்கள்.

இம்மலர் எவர் கையாலேனும் நீலகிரியை எட்டுமாயின், நண்பர் அறிய: மூங்கிற்றடி எமது வீட்டுக் கூரையின்கீழ் இருக்கிறது. நூல் மாற்றியிருக்கிறோம்.