18,000 டொலர்க் குசினி

தட்டையான அட்டைப்பெட்டிகளில் பலகைகளாக வந்து இறங்கி, வாங்கியவரின் கையாலேயே அலுமாரியாக எழுந்து நிற்கும் குசினிக்கு இங்கே 'ஃபிளாட் பேக்' என்று பெயர். சிட்னியின் மேற்குப் புறநகரில் உள்ள எங்கள் பழைய வீட்டுக்கு அப்படியொரு குசினியை அமைப்பதென்று தீர்மானித்தபோது எங்களிடம் இருந்தது 18,000 டொலர். கடன்படுவதில்லை என்பது முதல் நிபந்தனை. நாங்கள் என்று இங்கே எழுதுவது ஒரு கணவனும் மனைவியும். கணக்கை எழுதியவர் ஒருவர், அதைத் திருத்தியவர் மற்றவர். எவர் எதைச் செய்தார் என்பது வீட்டு இரகசியம்.

கடையில் கணினித் திரையொன்றின் முன்னே உட்காரவைத்து எங்கள் குசினியை வரைந்து காட்டினார்கள். பதினான்கு அலுமாரிகள், கதவுகள், இழுப்பறைகள், கைபிடிகள் எல்லாமாக 4,900 டொலர். அந்த எண்ணைப் பார்க்கும் எவருக்கும், மிச்சப் பணத்தில் குடும்பமாக ஊருக்கு ஒருமுறை போய் வந்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தத் திரையில் சுவருக்குத் தடிப்பு இல்லை. குழாய்க்குள் தண்ணீர் இல்லை. அடுப்பில் எதுவும் கொதிக்கவும் இல்லை. குசினிக் கணக்கு என்பது திரையில் தெரியாதவற்றின் கணக்குத்தான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

வீடு திரும்பிக் கொப்பியில் எழுதினோம். அலுமாரிகள் 4,900. மேற்பலகை 1,100. தொட்டியும் குழாயும் 600. அடுப்பும் அவனும் 1,700. புகைபோக்கி 900. பிளம்பர் 1,200. மின்வேலை 1,600. சுவரோடும் அதைப் பதிக்கும் கூலியும் 1,100. பழைய சுவர்த்தகட்டை அகற்ற 1,900. புதுச் சுவருக்கு 1,000. கூட்டினால் 16,000. எதிர்பாராத செலவுக்கென்று 2,000 டொலரைத் தொடாமல் வைத்தோம். கடை சொன்ன தொகை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குழாய்க்கும் மின்சாரத்துக்கும் நாங்களே கைவைத்துச் சிக்கனம் பிடிக்கவும் வழியில்லை. நியூ சவுத் வேல்ஸில் மின்கம்பி வேலையை உரிமம் பெற்றவர்தான் செய்யவேண்டும். வேலை முடிந்ததும் அதற்கொரு சான்றிதழும் தரவேண்டும்.

சுவருக்கு ஏன் இவ்வளவு என்று பார்க்க வந்த நண்பர்கள் எல்லோரும் கேட்டார்கள். எங்கள் வீடு எழுபதுகளில் கட்டப்பட்டது. அந்தக் காலத்து வீடுகளில் குசினிக்கும் குளியலறைக்கும் 'ஃபைப்ரோ' எனப்படும் சீமெந்துத் தகடுகளைச் சுவராக அடித்தார்கள். அவற்றில் பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கும். அசையாமல் சுவரில் இருக்கும்வரை அதனால் ஆபத்து குறைவு. துளையிட்டாலோ உடைத்தாலோதான் நார் காற்றில் கலக்கும். மூச்சோடு உள்ளே போனது புற்றுநோயாக வெளிப்படப் பல பத்தாண்டுகள் பிடிக்கலாம். அவுஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல் அஸ்பெஸ்டஸை முற்றாகத் தடைசெய்தது. ஆனால் சுவருக்குள் முன்னரே போனவை அங்கேயேதான் இருக்கின்றன. (இலங்கையில் இன்றும் எத்தனையோ வீடுகளுக்குக் கூரை அதுதான்.) தொங்கு அலுமாரி மாட்ட வேண்டுமென்றால் சுவரைத் துளைத்தாக வேண்டும். ஆகவே ஒரு சிறு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். இருக்கிறது என்று பதில் வந்தது. பத்துச் சதுர மீற்றருக்கு மேற்பட்டால் உரிமம் பெற்றவரே அகற்ற வேண்டும் என்பது சட்டம். எங்கள் சுவர் பதின்மூன்று. எவர் கண்ணுக்கும் தெரியப்போகாத அந்த 1,900 டொலரைக் கொப்பியில் முதல் வரியாக எழுதினோம்.

மேற்பலகையில்தான் வாக்குவாதம் நீண்டது. எங்களில் ஒருவருக்குக் கல் மேடையில் ஆசை. சில வருடங்களுக்கு முன்னரென்றால் நடுத்தர வீடுகளில் எல்லோரும் போட்டது செயற்கைக் கல்; குவார்ட்ஸ் துகளைப் பிசினில் குழைத்து இறுக்கிச் செய்வது. அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேலும் சிலிக்கா இருக்கக்கூடும். அதை அறுத்து மெருகிட்ட தொழிலாளர்களின் நுரையீரல் முப்பது வயதிலேயே தழும்பேறிப்போன செய்திகள் தொடர்ந்து வந்தன. முடிவில், 2024 ஜூலை 1 முதல் அவுஸ்திரேலியா அதைத் தயாரிக்கவும் விற்கவும் பொருத்தவும் தடைவிதித்தது. உலகிலேயே முதலாவது நாடு. எத்தனையோ வீடுகளில் பளபளத்த அந்த மேடைகளின் விலையில் ஒரு பகுதியை வேறொருவர் மூச்சால் கட்டியிருக்கிறார். ஆகவே அந்தத் தெரிவு இப்போது இல்லை. இருந்திருந்தாலும் வேண்டாம் என்பதில் எங்களுக்குள் பேதமில்லை. இயற்கைக் கல் எங்கள் நீளத்துக்கு 4,000 டொலரைத் தாண்டியது. லமினேட் 1,100. சூடான சட்டியை நேரே வைக்க முடியாது, உண்மைதான். அதற்கு மரத்தட்டு இருக்கிறது.

ஆனால் வாக்குவாதத்தை முடித்துவைத்தது விலையல்ல, அம்மா. எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. உயரம் நாலடி ஒன்பதங்குலம். பழைய மேடை தொண்ணூறு சென்ரிமீற்றர் உயரம். அதில் வெங்காயம் அரிந்தால் தோள் மூட்டு நோகிறது என்று நிலத்தில் உட்கார்ந்து அரியத் தொடங்கினார். இப்போது நிலத்திலிருந்து எழும்புவதும் கஷ்டம். இப்படியே போனால், ஐம்பது வருடம் சமைத்தவர் குசினி வாசலில் கதிரை போட்டு இருந்துவிடுவார். நாங்கள் அஞ்சியது அதைத்தான். கடையிலிருந்து கொண்டுவந்த படத்தைக் காட்டியபோது அவர் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "உது ஆற்றை உயரத்துக்குச் செய்தது?" என்று மட்டும் கேட்டார்.

கேள்வி நியாயமானது. பொருத்தப்பட்ட நவீன குசினிகளுக்கு முன்னோடி என்று சொல்லப்படுவது, 1926இல் மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் குசினி. தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஏறத்தாழ 10,000 செய்யப்பட்டன. பெண்ணின் ஒவ்வோர் அடியையும் அளந்து, வீண் நடையைக் குறைத்து, 1.9 மீற்றருக்கு 3.4 மீற்றர் இடத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கினார். ஓர் ஆள் மட்டும் நின்று வேலைசெய்யும் இடம் அது. மூன்று பேர் இடித்துக்கொண்டு சமைக்கும் எங்கள் குசினி அவருடைய கணக்கில் வந்திருக்க நியாயமில்லை. அளந்து செய்தது போற்றத்தக்கது. ஆனால் அளவு தரமாக உறைந்துவிட்டால் அதற்குப் பொருந்தாத உடம்புதான் வளைய வேண்டியிருக்கிறது.

ஃபிளாட் பேக்கின் நல்ல குணம் இங்கேதான் தெரிந்தது. கீழலுமாரிப் பெட்டியின் உயரம் 720 மில்லிமீற்றர். அதன் கீழே பிளாஸ்ரிக் கால்கள். மேலே பலகை 33. கால்களை 80 மில்லிமீற்றராகத் தெரிந்தெடுத்தால் மொத்தம் 833. ஏறத்தாழ ஏழு சென்ரிமீற்றர் இறங்கிவிடும். ஜன்னலோரத்து 1,200 மில்லிமீற்றர் நீளத்தை அம்மாவுக்கென்று அப்படி இறக்குவதாக முடிவாயிற்று. பலகையை இரண்டாக வெட்டி விளிம்புகளை மூடும் செலவு 260 டொலர். மேலே சொன்ன 1,100க்குள் அதுவும் அடக்கம். கோப்பை கழுவும் இயந்திரத்தை மட்டும் அதன் கீழே வைக்க முடியாது. அதற்கு மேடையின் கீழே சுமார் 820 வேண்டும், இங்கே 800தான். அது தொட்டியின் மறுபக்கம் போயிற்று.

புகைபோக்கிக்கு 900 டொலர் அதிகம் என்று சொன்னவர்கள் மிளகாய்த்தூள் வறுக்காதவர்களாக இருக்க வேண்டும். மலிவான புகைபோக்கிகள் காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடுபவை. முட்டை பொரிப்பவருக்கு அது போதும். செத்தல் மிளகாயும் கொத்தமல்லியும் வறுபடும் வீட்டில் அது புகையை ஊர்வலம் விடும் ஏற்பாடு. தீ எச்சரிக்கை மணி அலறி, அயலவர் எட்டிப்பார்ப்பதில் முடியும். எம்மவர் பலர் இதற்காகவே கராஜில் இரண்டாவது அடுப்பு வைத்திருக்கிறார்கள். கூரை வழியாக வெளியே குழாய் விட 350 டொலர். கல் ஆசையை விட்டதால் இதில் கைவைக்க வேண்டியிருக்கவில்லை.

பூட்டும் கூலியாக ஒருவர் 3,200 டொலர் கேட்டார். அதை நாங்களே செய்கிறோம். வீட்டவரின் உழைப்பை இத்தகைய கணக்குகளில் பூச்சியமாக எழுதுவது வழக்கம். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. கொப்பியில் இன்னொரு நிரல் கீறி, டொலருக்குப் பதில் மணித்தியாலங்களை எழுதினோம். இரண்டு பேர், நான்கு வார இறுதிகள், அறுபத்துநான்கு மணித்தியாலங்கள். அவற்றில் எவை யாருடையவை என்பதையும் எழுதினோம். சோறு கறிக்கான மணித்தியாலங்களும் அதே நிரலில்தான்.

பெட்டிகள் வந்து கராஜில் அடுக்கியாகிவிட்டன. சுவரை அகற்றுபவர்கள் வரும் செவ்வாய் வருகிறார்கள். நேற்று அம்மா பெட்டிகளைச் சுற்றிவந்து, "பிள்ளை, திருவலையை எங்கை பூட்டுறது?" என்று கேட்டார். மேசை விளிம்பில் திருகிப் பூட்டும் இரும்புத் திருவலை அது, ஊரிலிருந்து கொண்டுவந்தது. அதன் பிடி நாற்பது மில்லிமீற்றர்வரை விரியும், பலகை முப்பத்துமூன்று. ஆனால் பூட்டுவதற்குப் பலகை அலுமாரிக்கு வெளியே நாற்பத்தைந்தாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வழக்கமாக விடுவது இருபது. பலகை வெட்டுபவரைத் தொலைபேசியில் அழைத்தோம். இன்னும் வெட்டவில்லை என்றார். ஜன்னலோரத் துண்டை ஐம்பது நீட்டி வெட்டச் சொன்னோம். மேலதிகமாக 40 டொலர். தொடாமல் வைத்திருந்த 2,000இல் முதல் செலவாக அதை எழுதியிருக்கிறோம்.