ஒரு பூட் வரியின் பூர்வீகம்

ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 ஓடும் சர்வர்களின் பூட் வரியில் வழக்கமாக இப்படியொரு துண்டு இருக்கும்: கிராஷ்கெர்னல்=1ஜி-4ஜி:192எம்,4ஜி-64ஜி:256எம்,64ஜி-:512எம். மெமரி 1 ஜிபியிலிருந்து 4 ஜிபிக்குள் என்றால் 192 எம்பி, 64 ஜிபிக்குள் என்றால் 256, அதற்கு மேல் 512 ஒதுக்கச் சொல்கிறது. கெர்னல் நிலைகுலைந்தால், அந்த இடத்தில் முன்பே ஏற்றிவைத்த இரண்டாவது கெர்னல் எழுந்து, செத்ததன் மெமரியைப் படியெடுத்து வைக்கும். கேடம்ப் என்பது இதுதான். ஓர் எண் போதாதா, எதற்கு இத்தனை குறிகள்? லினக்ஸின் மூல நிரலுக்குள் தேடிப் போனேன்.

இவற்றைப் பிரித்துப் படிக்கும் நிரல் இன்று கிராஷ்_ரிசர்வ்.சி என்ற கோப்பில் இருக்கிறது. எப்போது எழுதியது என்று, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டைக் கேட்டால் 2024 என்கிறது. அது நிரல் இந்தக் கோப்புக்கு இடம் மாறிய ஆண்டுதான். 2017இல் ஒரு மாற்றம், 2015இல் இன்னொன்று. அவற்றைத் தாண்டினால்தான் கெக்ஸெக்.சி வருகிறது.

அங்கே 2007இல் பெர்ன்ஹார்ட் வாலே கைவைத்திருக்கிறார். சிறுகோடும் முக்காற்புள்ளியும் அவர் கொண்டுவந்தவை. லினக்ஸ் விநியோகம் ஒன்றுதான், அது ஓடும் இயந்திரங்களோ பல. 64 எம்பி என்று எழுதிவிட்டால் சின்ன இயந்திரத்துக்கு அது பாரம், பெரியதற்குப் போதாது. எல்லைக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபர்ம்வேர் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்வதால், 4 ஜிபி இயந்திரம் கெர்னல் கண்ணுக்கு 4 ஜிபிக்குச் சற்றுக் குறைவாகத் தெரியும். அதனால் பின்னாளில் மொத்தத்தை 128 எம்பியின் மடங்காக மேலே உயர்த்திவிட்டு ஒப்பிடும் வரி சேர்ந்தது.

இன்னும் பின்னே போனால் ஜூன் 2005. லினக்ஸின் கிட் வரலாறே அந்த ஏப்ரலில்தான் தொடங்குகிறது. 32 பிட் இன்டெல் இயந்திரங்களுக்கான தொடக்க நிரலில், 'அளவு@முகவரி' என்பதைப் படிக்கச் சில வரிகள், அவ்வளவே. 64எம்@16எம் என்று எழுத வேண்டும். இரண்டாவது கெர்னலை 16 எம்பி முகவரியில் ஓடுமாறு தனியாகக் கட்டிய காலம் அது. முகவரி தவறினால் அது எழவே எழாது. ஓடும் கெர்னலிலிருந்து நேராக இன்னொரு கெர்னலை எழுப்பும் கெக்ஸெக்கை எரிக் பீடர்மன் கொடுத்தார். பெங்களூரு ஐபிஎம்மின் விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகியோர் அதன்மேல் கேடம்பைக் கட்டினார்கள். மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அதே ஆண்டு ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் வந்தது.

ஏன் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும் என்பதற்கு விடையும் அந்தப் பழைய வரிகளின் மேலேயே குறிப்பாக இருந்தது. கெர்னல் செத்த பிறகும் நெட்வொர்க் கார்டும் டிஸ்க் கன்ட்ரோலரும் டிஎம்ஏ வழியாக, அதாவது சிபியுவின் உதவியின்றி நேராக, மெமரியில் எழுதிக்கொண்டே இருக்கலாம். எந்தச் சாதனத்துக்கும் ஒருபோதும் தராத இடம் மட்டுமே பத்திரம். பஞ்சத்திலும் கைவைக்காத விதைநெல் மாதிரி. கேடம்புக்கு முந்தைய எல்கேசிடி போன்ற முறைகளில், சாகிற கெர்னலே தன் கதையை எழுத வேண்டியிருந்தது. கெட்டுப்போன டிரைவரை நம்பித்தான் எழுத வேண்டும்.

2013இல் 'ஹை', 'லோ' என்ற ஒட்டுகள் வந்தன. 64 பிட் இயந்திரத்திலும் 896 எம்பிக்குக் கீழேதான் ஒதுக்கலாம் என்ற கட்டு தளர்ந்து, 4 ஜிபிக்கு மேலும் ஒதுக்க முடிந்தது. ஆனால் 32 பிட் முகவரி மட்டுமே அறிந்த சாதனங்களுக்காகக் கீழேயும் கொஞ்சம் வைக்க வேண்டியிருந்தது.

ரெட் ஹாட் ஒரு காலத்தில் 'ஆட்டோ' என்று எழுதினால் போதும் என்றது. மூல லினக்ஸ் அதை ஏற்கவே இல்லை. ஒன்பதாம் பதிப்பில் ரெட் ஹாட்டும் கைவிட்டது. ஏன் என்பது இந்தத் தேடலில்தான் எனக்கு விளங்கியது. இரண்டாவது கெர்னலுக்கு எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர்களையும் டிஸ்க் என்கிரிப்ஷனையும் பொறுத்தது. ஒதுக்கீடோ டிரைவர் எதுவும் எழுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கெர்னல் அறிய முடியாததை மனிதர் ஊகித்து எழுதித் தருகிறார். குறிகள் பெருகியது அந்த ஊகத்தைக் கூர்தீட்டத்தான். பூட் ஆன பிறகு இந்த ஒதுக்கீட்டைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. ஆகவே ஊகம் கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும்.