கூட ஒருவர்

சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 1,800 மைல். மலிவு டிக்கெட் என்றால் அதில் பாதிதான் கணக்கில் சேரும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல் திட்டத்தில் கோல்ட் உறுப்பினர் ஆக வேண்டுமானால் பன்னிரண்டு மாதத்துக்குள் 50,000 மைல் சேரவேண்டும். சொந்தக் காசில் இந்தத் தடத்திலேயே போய்வந்து அதை எட்ட நினைத்தால் வருஷத்துக்கு 28 தடவை போய்வரணும். கல்யாணம், பிரசவம் என்று எப்போதாவது விமானம் ஏறுகிற குடும்பத்தில் யாருக்கு அது நடக்கும்?

எனக்கு நடந்தது ஆபீஸ் புண்ணியத்தில். சான் பிரான்சிஸ்கோவுக்கு என்னை அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது. சிங்கப்பூர் வழியாக ஒருமுறை போய்வந்தாலே 20,000 மைல் தாண்டிவிடும். வேலை முடிந்து, இனி எங்கும் போகவேண்டியதில்லை என்று ஆன பிறகுதான் கோல்ட் வந்து சேர்ந்தது. ஒரு வருஷம் செல்லும் என்றார்கள். எனக்கு உடனே பெரியப்பாவின் பாஸ்தான் ஞாபகம் வந்தது.

பெரியப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ரயில்வேயில் அவருக்கு வருஷத்துக்கு மூன்று செட் பாஸ். அது தீர்ந்தால் பி.டி.ஓ. என்கிற சலுகைச் சீட்டு, மூன்றில் ஒரு பங்கு கட்டணம். முழுப் பரீட்சை முடிகிற சமயத்தில் பாஸ் எழுதி வாங்கிவருவார். மை லேசாகப் பரவிய தாள், குமாஸ்தாவின் சாய்ந்த கையெழுத்து. எங்கிருந்து எதுவரை, நடுவில் எந்தெந்த ஊரில் இறங்கிக்கொள்ளலாம், எல்லாம் அதில் இருக்கும். கீழே வரிசையாகப் பெயர், உறவு, வயசு. அப்பாயி பெயரும் அதில் உண்டு. மகனை நம்பி இருக்கிற விதவைத் தாய்க்கு ரயில்வே இடம் வைத்திருந்தது. அப்பாயி காசியைப் பார்த்தது அந்தத் தாளில்தான்.

விமான கம்பெனிகளின் கணக்கு வேறு. அமெரிக்காவில் 1978-ல் கட்டணக் கட்டுப்பாடு தளர்ந்து போட்டி முற்றியபோது, வேலை நிமித்தம் ஓயாமல் பறப்பவர்களை விட்டுவிடாமல் பிடித்துவைக்க அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1 அன்று மைல் திட்டத்தைத் தொடங்கியது. 1997-ல் ஐந்து கம்பெனிகள் கைகோத்து ஸ்டார் அலையன்ஸ் ஆனபின், ஒன்றில் சம்பாதித்த மரியாதை மற்றதிலும் செல்லுபடியானது. 2014-ல் ஏர் இந்தியாவும் அதில் சேர்ந்தது. இதையெல்லாம் வகுத்தவர்கள் மனசில் இருந்தவர் கைப்பெட்டியோடு தனியாகப் போகிற ஒரு அதிகாரி. கோல்டுக்குக் கிடைக்கிற இருபது கிலோ கூடுதல் சாமான் அவருக்கு எதற்கு? அது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் வேண்டும்.

தங்கச்சிக்கு மெல்பர்னில் பிரசவ தேதி குறித்திருந்தார்கள். அப்பா அம்மாவைக் கொண்டுபோய் விட நான் கிளம்பினேன். அந்த இருபது கிலோவில் கோயம்புத்தூர் டேபிள் டாப் கிரைண்டர் போனது. கல்லும் மோட்டாருமாகப் பத்துக் கிலோவைத் தாண்டும். ஆஸ்திரேலியாவிலும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாற்றினால் போதும். உருளைக் கற்களை அம்மா பழைய நூல் புடவையில் தனித்தனியாகச் சுற்றி, நடுவில் என் சட்டைகளைத் திணித்தாள். அந்தப் பெட்டியில்தான் ‘பிரயாரிட்டி’ சீட்டைக் கட்டினார்கள். மெல்பர்னில் பெல்ட் ஓட ஆரம்பித்த சற்று நேரத்திலேயே வந்துவிட்டது. முட்டிவலியோடு அம்மா நிற்கவேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு சீட்டுக்காகவே அந்த வருஷ அலைச்சலை நான் மன்னித்துவிட்டேன்.

நடுவில் சாங்கியில் சில மணி நேரம். லவுஞ்சுக்கு உறுப்பினரோடு கூட ஒருவர் வரலாம். ஒருவர்தான். டெர்மினல் 3-இல் மீன் குளத்துப் பக்கம் மூன்று பேரும் நின்றோம். அப்பாதான் முடித்துவைத்தார்: “நீயும் அம்மாவும் போயிட்டு வாங்கடா. நான் இந்த மீனைப் பாத்துக்கிட்டு இருக்கேன்.” உள்ளே அம்மா சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தாள். பாதிக் காபிதான் குடித்திருப்பாள். “அவரு அங்க தனியா இருப்பாரு” என்று எழுந்துவிட்டாள். அடுத்த சுற்றில் அப்பா. தட்டு நிறைய எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தயங்கி, தணிந்த குரலில் கேட்டார்: “இதெல்லாம் டிக்கெட்லயே சேர்த்தியா?” ஆமாம் என்றேன். அதற்குப் பிறகுதான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

பெரியப்பாவின் தாளில் பெயர்களுக்குக் கீழேயும் வெற்று வரிகள் இருக்கும். அந்த வரிகளை நான் அன்று நிறைய நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். மைல் திட்டங்கள் எத்தனையோ தடவை விதியை மாற்றுகின்றன; வயதான பெற்றோர் இருவரையும் சேர்த்து அழைத்துப்போக ஒரு விதி எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஓயாமல் பறப்பவர் அதைக் கேட்கமாட்டார். எப்போதாவது பறக்கிறவர்களின் பேச்சு கம்பெனிக்கு எட்டுவதில்லை.

என் கோல்ட் அடுத்த வருஷமே போய்விட்டது. இப்போது அண்ணன் மகளுக்கு வந்திருக்கிறது, அவளுக்கும் ஆபீஸ் வழியாகத்தான். பேத்தியின் பிறந்தநாளுக்குத் தாத்தாவையும் அப்பாயியையும் அவள்தான் மெல்பர்ன் கூட்டிப்போகிறாள். நேற்று போன் செய்தாள். “சித்தப்பா, லவுஞ்சுக்கு யாரைக் கூட்டிட்டுப் போறது?”

“நடுவுல அஞ்சு மணி நேரமாவது இருக்கிற மாதிரி டிக்கெட் போடும்மா” என்றேன். “ரெண்டு சுத்து போகலாம். முதல்ல தாத்தாவைக் கூட்டிட்டுப் போ.”