மருத்துவர் கேட்ட கேள்வி

நுழையும்முன்

நோயுற்றவரைக் கண்டு இரங்கும் உலகம், போதைக்கு அடிமையானவரைக் கண்டு முகம் சுளிக்கிறது. ‘மன உறுதி அற்றவர்’ என்றும் ‘குற்றவாளி’ என்றும் அவரை ஒதுக்குகிறது. அவரையும் ஒரு நோயாளியாகக் கண்டு, அதற்குரிய மருத்துவத்தைத் தேடிய அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஒருவரின் வாழ்க்கைப் பணியை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கணிதத்திலிருந்து மருத்துவத்திற்கு

வின்சென்ட் டோல் 1913ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பிறந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றார். பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று 1939இல் பட்டம் பெற்றார். 1941இல் நியூயார்க்கில் உள்ள ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். இரத்த அழுத்தம், உடற்பருமன், இரத்தத்தில் உள்ள கொழுப்பு அமிலங்கள் ஆகியவற்றைப் பற்றி அவர் நிகழ்த்திய ஆய்வுகள் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தன.

உடற்பருமன் உடையோரை ஆராய்ந்தபோது ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. அரும்பாடுபட்டு எடையைக் குறைத்தவர்களும் சில காலத்தில் பழைய நிலைக்கே திரும்பினர். இதனை மன உறுதிக் குறைவு என்று ஒதுக்கிவிட அவர் விரும்பவில்லை. உடலுக்குள் நிகழும் மாற்றமே அந்தத் தீராத வேட்கையைத் தூண்டுகிறதோ என ஐயுற்றார். 1960களின் தொடக்கத்தில் ஹெராயின் பழக்கம் நியூயார்க் நகரில் பரவிப் பல இளைஞர்களின் உயிரைப் பறித்தது. விட்டவர்கள் மீண்டும் அதனிடமே திரும்பும் கொடுமையைக் கண்ட டோல், அதே கேள்வியை இங்கும் கேட்கத் துணிந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. புகழ் பெற்ற துறையை விட்டுப் பலரும் நாட விரும்பாத துறைக்குள் அவர் நுழைந்தார்.

இணைந்து நடந்த பணி

அந்நாளில் மேரி நைஸ்வாண்டர் என்னும் மனநல மருத்துவர் எழுதிய நூலொன்றை டோல் படிக்க நேர்ந்தது. போதைக்கு அடிமையானவரை நோயாளியாகக் காண வேண்டும் என்பதே 1956இல் வெளிவந்த அந்நூலின் மையக்கருத்து. நைஸ்வாண்டர், கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் கூட்டரசு நடத்திய மருத்துவமனையில் பணியாற்றியவர். அது மருத்துவமனையாகவும் சிறையாகவும் விளங்கியது. அங்கிருந்து போதை நீங்கி வெளியேறியவர்களுள் பெரும்பாலோர் மீண்டும் பழைய பழக்கத்திற்கே திரும்பியதை அவர் கண்டிருந்தார். டோலின் அழைப்பை ஏற்று அவர் ராக்பெல்லர் நிறுவனத்திற்கு வந்தார். மேரி ஜீன் கிரீக் என்னும் இளம் மருத்துவரும் அவர்களுடன் இணைந்தார். 1964இல் அவர்களது பணி தொடங்கியது.

முதலில் இரண்டு நோயாளிகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு மார்ஃபின் கொடுத்துப் பார்த்தபோது பயன் விளையவில்லை. நாளுக்குப் பலமுறை ஊசி தேவைப்பட்டது. அளவும் ஏறிக்கொண்டே சென்றது. அடுத்த ஊசி எப்போது என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு சிந்தனை இருக்கவில்லை. பின்னர் வாய்வழியாக உட்கொள்ளும் மெத்தடோன் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. சில வாரங்களில் ஒருவர் ஓவியம் தீட்டத் தொடங்கினார். மற்றவர் பாதியில் விட்ட பள்ளிப்படிப்பைத் தொடர வேண்டும் என்றார். போதையைப் பற்றியே பேசியவர்கள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசியதைக் கண்டு மருத்துவர்கள் வியந்தனர். 22 நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையின் விளைவுகளை டோலும் நைஸ்வாண்டரும் 1965இல் கட்டுரையாக வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே அவ்விருவரும் திருமணமும் செய்துகொண்டனர்.

மருந்தின் செயற்பாடு

மெத்தடோனும் அபின்வகை மருந்தே. எனினும் அது செயற்படும் விதம் வேறு. ஹெராயினின் விளைவு சில மணிநேரத்தில் தணிந்துவிடும். உடனே நடுக்கம், வலி, வாந்தி முதலிய துன்பங்கள் தலைதூக்கும். நோயாளியின் ஒரு நாள், மயக்கத்திற்கும் துன்பத்திற்கும் இடையே ஊசலாடியே கழியும். மெத்தடோன் உடலில் மெதுவாகக் கலந்து ஒரு நாள் முழுவதும் நிலைத்து நிற்கும். உரிய அளவில் நாள்தோறும் ஒருமுறை உட்கொண்டால் வேட்கை தணியும், துன்பம் எழாது, உடல் அம்மருந்துக்குப் பழகிய பின் மயக்கமும் தோன்றாது. அந்நிலையில் ஹெராயினைச் செலுத்திக்கொண்டாலும் அது தரும் கிளர்ச்சி மங்கிவிடும். அளவு தவறினால் உயிருக்கே ஊறு நேரும் என்பதால் மருத்துவரின் மேற்பார்வை இன்றியமையாதது.

‘ஒரு போதைக்கு மாற்றாக மற்றொரு போதையா?’ என்று பலரும் வினவினர். நீரிழிவு நோயாளி நாள்தோறும் இன்சுலின் செலுத்திக்கொள்வதை எவரும் குறை கூறுவதில்லை என்பதை டோல் எடுத்துக்காட்டினார். கூட்டரசின் போதைத் தடுப்பு அதிகாரிகள் அவரது பணி சட்டத்திற்குப் புறம்பானது என எச்சரித்தனர். வழக்குத் தொடருங்கள், நீதிமன்றமே தீர்ப்பளிக்கட்டும் என்று டோல் மறுமொழி கூறினார். வழக்குத் தொடரப்படவில்லை.

மருத்துவரின் அறைக்குள்

மருந்து ஏற்கப்பட்டது, ஆனால் நோயாளி ஏற்கப்படவில்லை. 1970களில் வந்த விதிமுறைகள் மெத்தடோனைத் தனி நிலையங்களுக்குள் அடக்கின. நோயாளிகள் நாள்தோறும் வரிசையில் நின்று, பணியாளர் முன்னிலையில் மருந்தைக் குடிக்க வேண்டியிருந்தது. வேலைக்குச் செல்வோர்க்கும் குழந்தைகளைப் பேணுவோர்க்கும் இது பெருந்தடையாயிற்று. 1983இல் நியூயார்க்கில் ஒரு மாற்றம் முயன்று பார்க்கப்பட்டது. பல ஆண்டுகள் நன்னிலையில் இருந்த நோயாளிகள், மாதம் ஒருமுறை பொது மருத்துவரின் அறைக்கு வந்து மருந்து பெற்றுச் சென்றனர். 1988இல் வெளிவந்த அதன் அறிக்கையில் டோலும் பங்கேற்றார். அவ்வாண்டே மருத்துவ ஆய்வுக்கான உயரிய லாஸ்கர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதைக் காண நைஸ்வாண்டர் உயிருடன் இல்லை. அவர் 1986இல் மறைந்திருந்தார்.

பின்வந்தோர் அவ்வழியை விரிவுபடுத்தினர். 2000ஆம் ஆண்டுச் சட்டம் பொது மருத்துவரும் இச்சிகிச்சை அளிக்க வழிவகுத்தது. 2002இல் பியூப்ரினார்ஃபின் என்னும் மருந்து அதற்கென ஒப்புதல் பெற்றது. யேல் பல்கலைக்கழக மருத்துவர் டேவிட் ஃபீலினும் அவர்தம் குழுவினரும் முதல்நிலை மருத்துவத்திலேயே இச்சிகிச்சையை ஆராய்ந்தனர். 2014இல் வெளிவந்த அவர்களது ஆய்வு, மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தப்பட்டவர்களைவிடத் தொடர்ந்து பெற்றவர்களே நன்னிலையில் இருந்ததைக் காட்டியது. இம்மருந்தை எழுதித் தர மருத்துவர்கள் தனி அனுமதி பெற வேண்டும் என்னும் விதியை அமெரிக்கா 2022இன் இறுதியில் நீக்கியது.

டோல் 2006இல் தம் 93ஆம் வயதில் மறைந்தார். ‘இவர் ஏன் திருந்தவில்லை?’ என்று உலகம் கேட்டுக்கொண்டிருந்தபோது, ‘இவருடைய உடலில் என்ன நிகழ்கிறது?’ என்று அவர் கேட்டார். கேள்வி மாறியதும் நோயாளி நிற்கும் இடமும் மாறியது. காய்ச்சலுக்கும் நீரிழிவுக்கும் மருந்து பெற வந்தவர்களின் வரிசையில், அவர்களுள் ஒருவராக, அவரும் அமர முடிந்தது.