மூணு மா ஒரு ஏக்கரா?

எங்கள் காவிரி டெல்டாவில் நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஏக்கர் கடைசியில்தான் வரும். "அவருக்குப் பத்து மா இருக்கு", "நாலு மா குத்தகைக்கு எடுத்திருக்கோம்" என்றுதான் சொல்வார்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. வெளியூர்க்காரர் விளங்காமல் விழித்தால், "மூணு மா ஒரு ஏக்கர்" என்று முடித்துவிடுவார்கள். எட்டாம் வகுப்புக்குப் பரப்பளவு எடுக்கும்போது, வருகைப் பதிவேட்டைத் திறக்கும் முன்பே இதைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன்: மூணு மா ஒரு ஏக்கர், சரியா?

நிலம் அளக்கும் கோல் ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பக்கத்துக் கணக்கில் குழி என்பது பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி, 144 சதுர அடி. அப்படியானால் ஒரு மா 14,400. மூன்று மா 43,200. ஏக்கரோ 43,560. மிச்சம் 360 சதுர அடி எங்கே போயிற்று? "ரெண்டரைக் குழி டீச்சர்!" என்று ஒரு குரல் வரும். ரெண்டரைக் குழிதானே, போகட்டும் என்பான் இன்னொருவன். சரி, ஒரு வேலிக்குப் போட்டுப் பார் என்பேன். ஊர்க்கணக்குப்படி இருபது மாவுக்கு ஆறே முக்கால் ஏக்கரை ஒட்டி, சரியாகச் சொன்னால் ஆறும் மூன்றில் இரண்டும் வரவேண்டும். அதாவது 2,90,400 சதுர அடி. கோல் வைத்து அளந்தால் 2,88,000தான். குறைவது 2,400, முழுசாக ஒரு மனை. வீடு கட்டும் இடமே காணாமல் போனது தெரிந்ததும் வகுப்பில் எழும் சத்தத்தை நான் அடக்குவதில்லை. பாடம் நடக்கிறது என்பதற்கு அந்தச் சத்தமே எனக்குச் சாட்சி.

பிள்ளைகளுக்கு ஊக்கம் கொடுப்பது எப்படி என்று ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் நிறையவே பேசுகிறோம். கைதட்டச் சொல்வது, பேனா பரிசு தருவது, பெரிய மனிதர்களின் கதை சொல்வது. எதையும் நான் தள்ளவில்லை. ஆனால் பேனா வாங்குவது பெரும்பாலும் முன்பெஞ்சுப் பிள்ளைதான். கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கு, தன்னிடம் இருக்கும் ஏதோ ஒன்று இந்த வகுப்புக்கு வேண்டியிருக்கிறது என்று ஒரு தடவையாவது தெரிய வேண்டும். மாவும் குழியும் அவனுக்குத் தெரியும். புத்தகத்தில் அது இல்லை. அன்றைக்குப் பாடம் அவனிடம் கேட்டுத்தான் நகர வேண்டியிருக்கிறது.

அதற்கு ஆசிரியர் வாயை மூடிக்கொள்ளவும் பழக வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவுசெய்து அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிக்கு மேல் காத்திருக்கவில்லை. மூன்று நொடி பொறுத்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன. "தெரியாது" என்பது குறைந்தது. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்ப்பேன். என் முகத்தைப் பார்த்தே விடையை ஊகித்துவிடும் பிள்ளைகள் உண்டு.

ஆசிரியர் பேச்சைக் குறைத்தால் பிள்ளைகளே சொல்லிக்கொடுக்கவும் இடம் வேண்டும். அதற்குப் பழைய வழி சட்டாம்பிள்ளை, அதாவது வகுப்புத் தலைவன். இன்றைக்கு அவன் வேலை, பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதுவதாகச் சுருங்கிவிட்டது. அந்த ஏற்பாட்டை நான் அடியோடு நிறுத்திவிட்டேன். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். நெல்லிலக்கம், எண்சுவடி என்ற அந்தக் காலக் கணக்கு வாய்பாடுகள் அப்படித்தான் வாய்வழி இறங்கின. சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். எட்டு வயதுப் பையன் ஒருவனையே சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியனாக்கினார். 1797ல் லண்டனில் அவர் அதை நூலாக வெளியிட்ட பிறகு, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பிரிட்டன் முழுக்கப் பரவியது. என் வகுப்பில் நான்கு பேருக்கு ஒரு குழு. சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு தினம் கைமாறும், எல்லோருக்கும் வரும்.

எல்லோருக்கும் என்பதை அழுத்தியே சொல்கிறேன். அந்தக் காலத் திண்ணையில் எல்லோரும் ஏற முடியவில்லை. வயலில் நாற்று நட்டவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. மா கணக்கிலும் அதே முள் இருக்கிறது. "உங்க வீட்டுக்கு எத்தனை மா?" என்று கேட்டால் பாதி வகுப்பு தலை குனியும். கூலித் தகராறின் முடிவில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணியும் இதே டெல்டாவில்தான் இருக்கிறது. ஆகவே யாருடைய நிலம் என்று நான் கேட்பதில்லை, வேலையைக் கேட்கிறேன். ஒரு மா நடவுக்கு எத்தனை ஆள் வேண்டும்? எவ்வளவு நேரம் ஆகும்? இதற்குப் பதில், கூலிக்குப் போகும் தாயின் மகளுக்குத் தெரிகிற அளவு நிலக்காரர் மகனுக்குத் தெரியாது.

'நேரமும் வேலையும்' பாடம் நடத்தியபோது, ஆள் இரட்டித்தால் நேரம் பாதியாகும் என்று பலகையில் போட்டேன். அதிகம் பேசாத ஒரு பெண் எழுந்தாள். "நடவுல அப்படி ஆகாது டீச்சர். நாத்துக் கட்டு எடுத்துப் போடுறவங்களும் கூடணும். இல்லன்னா நடுறவங்க சும்மா நிப்பாங்க."

"எத்தனை பேர் நட்டா, கட்டு போட ஒரு ஆள் போதும்?" என்றேன்.

"நாத்தங்கால் எவ்வளவு தூரம்னு முதல்ல சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை, அவளையே பலகைக்கு அழைத்தேன். நாற்றங்காலை ஒரு மூலையிலும் வயலை எதிர் மூலையிலும் வரைந்தாள். நிலக்கார வீட்டுப் பையன் ஒருவன் அவளிடம் சந்தேகம் கேட்டான், அவள் பதில் சொன்னாள். கணக்கின் கீழே 'நாற்று தட்டுப்பாடில்லாமல் வந்தால்' என்று ஒரு நிபந்தனையை வகுப்பே எழுதிக்கொண்டது. நடுபவருக்கும் கட்டு போடுபவருக்கும் உள்ள விகிதத்தை மறுநாள் பாடவேளை முழுக்கப் போட்டோம்.