அடைப்பு எனக்கு, வலி அக்காவுக்கு

1 நவம்பர் 2024, வெள்ளி

நேற்று கங்கா ஸ்நானம் முடிந்து தலை துவட்டும்போதே இடது காது அடைத்துக்கொண்டது. தண்ணீர் போயிருக்கும், தானே வடியும் என்று விட்டேன். இன்று காலையும் அப்படியேதான் இருக்கிறது. வலி இல்லை. என் குரல்தான் என் தலைக்குள்ளேயே முழங்குகிறது. காபி விழுங்கும் சத்தம் ஊருக்கே கேட்குமோ என்று கூச்சமாக இருக்கிறது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாததுதான் தொல்லை. ஒலி ஒரு காதுக்குச் சற்று முன்னும் மறு காதுக்குச் சற்றுப் பின்னும் வந்து சேரும். அந்த நூலிழை வித்தியாசத்தையும் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தையும் வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. ஒரு காது மூடினால் எல்லாச் சத்தமும் திறந்திருக்கும் காதின் பக்கமிருந்தே வருவதாகப் படும். திருமஞ்சன கோபுரத் தெருவில் பின்னால் ஹாரன் கேட்டு வலப்பக்கம் திரும்பினேன். ஆட்டோ இடப்பக்கம் உரசிக்கொண்டு போனது. ஓட்டுநர் திட்டியதில் பாதிதான் காதில் விழுந்தது. அந்த மட்டும் லாபம்.

3 நவம்பர், ஞாயிறு

காது அடைத்திருக்கிறது என்று இந்த ஊரில் ஒருவரிடம் சொன்னால் போதும், தெருவே வைத்தியம் சொல்லும். எதிர்வீட்டு ஆயா நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி விடச் சொன்னார். பால்காரருக்கு வெங்காயச் சாறு. சித்தப்பாவுக்குக் கோழி இறகு. பூக்கடைத் தம்பி தன் சட்டையிலிருந்தே ஊக்கைக் கழற்றி நீட்டினான்: "இன்னாண்ணா, ஒரு சுழட்டு சுழட்டினா வந்துடப் போவுது." நல்ல மனிதர்கள். ஒருவர்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

உள்ளே இருப்பது குறும்பி. பல மாதமாக அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும். ஓரமாக ஒரு சின்ன சந்து விட்டிருந்தவரை ஒலி போய்வந்துகொண்டிருந்தது. தலைக்கு ஊற்றிய தண்ணீரைக் குடித்து ஊதியதும் அந்தச் சந்தும் மூடிவிட்டது. தீபாவளி முடிந்து காது அடைத்துக்கொள்கிறவர்கள் கதை பெரும்பாலும் இதுதான்.

குறும்பியை அழுக்கு என்று சொல்வதே அதற்குச் செய்யும் அநியாயம். ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள காதுத் துளையில் வெளிப்புறத்து மூன்றில் ஒரு பங்கில்தான் அது ஊறுகிறது. லேசான அமிலத்தன்மை இருப்பதால் கிருமியைத் தடுக்கும். எண்ணெய்ப் பசை இருப்பதால் தண்ணீர் தோலுக்குள் இறங்காது. தூசும் பூச்சியும் அதில் ஒட்டிக்கொள்ளும். வெளியேறும் வழியும் அதற்கே உண்டு. செவிப்பறையிலிருந்து தொடங்கி காதுத் துளையின் தோல், விரல் நகம் வளரும் வேகத்தில், வாசலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைந்து அதைத் தளர்த்திவிடுகிறது. பெரும்பாலோருக்குக் காதைச் சுத்தம் செய்யும் வேலையே கிடையாது. ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்குக் குறும்பி காய்ந்து இறுகும், காதில் முடியும் மண்டும். துளையும் குறுகலாக இருந்தால் தேங்கிப் போகும். நான் அந்த ரகம்.

பாட்டியின் சாவிக்கொத்தில் வெள்ளியில் ஒரு குறும்பிவாங்கி தொங்கும். நுனியில் கடுகு கொள்ளும் அளவுக்கு ஒரு குழி. தலைமுறை தலைமுறையாகத் தீக்குச்சி, கொண்டை ஊசி, இப்போது பைக் சாவி. பட்ஸ் வந்து நூறு வருடமாகிறது. 1923-இல் அமெரிக்காவில் லியோ கெர்ஸ்டன்ஸாங் என்பவர், மனைவி பல்குச்சியில் பஞ்சைச் சுற்றிக் குழந்தைக்குத் துடைப்பதைப் பார்த்து அதைப் பண்டமாக்கினார். காதுத் துளைக்குள் விடாதீர்கள் என்று இன்று பல டப்பாக்களில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. வாங்குகிறவர்கள் வேறு எதற்கு வாங்குகிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. பஞ்சு கொஞ்சத்தை எடுக்கும், மிச்சத்தை இடித்து உள்ளே தள்ளும். குறும்பியே ஊறாத இடத்தில், செவிப்பறையை ஒட்டி, கட்டியாக அது கிடந்தால் யாரோ தள்ளிவிட்டார்கள் என்று பொருள்.

6 நவம்பர், புதன்

மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கினேன். சீழ் வடிந்ததுண்டா, செவிப்பறையில் ஓட்டை என்று யாராவது சொன்னார்களா என்று கடைக்காரர் கேட்ட பிறகுதான் பாட்டிலை எடுத்தார். பாராட்ட வேண்டும். ஓட்டை இருந்தால் இந்த மருந்தெல்லாம் நடுச்செவிக்குள் இறங்கிவிடும்.

அட்டையில் பாராடைக்குளோரோபென்சீன், பென்சோகைன், குளோர்பியூட்டால், டர்பன்டைன் எண்ணெய் என்று போட்டிருக்கிறது. முதலாவது, கழிப்பறையில் போடும் வாசனை உருண்டையில் இருக்கும் அதே சரக்கு. படித்திருக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுத்து விட்டுக்கொண்டேன். ஊறியதும் அடைப்பு இன்னும் கெட்டியாகிவிட்டது. முதலில் அப்படித்தான் இருக்கும் என்றார் கடைக்காரர்.

9 நவம்பர், சனி

கந்த சஷ்டியும் முடிந்தது. காது திறக்கவில்லை.

15 நவம்பர், வெள்ளி. பௌர்ணமி

போளூரிலிருந்து அக்கா கிரிவலத்துக்கு வந்திருக்கிறாள். வந்ததும் வராததுமாக, "தம்பி, எனக்கும் வலது காதுதாண்டா. ஒரு மாசமா குத்துது" என்றாள். எனக்கு அடைப்பு இருக்கிறது, வலி இல்லை. அவளுக்கு வலி இருக்கிறது, அடைப்பு இல்லை. ஊசி விழுந்தாலும் கேட்கிறது. இருந்தும் இருவருக்கும் ஊர் எழுதிக் கொடுப்பது அதே எண்ணெய்தான். அவள் தினம் படுக்கும்போது காய்ச்சி ஊற்றிக்கொள்கிறாளாம்.

இரவு நடந்தோம். பதினான்கு கிலோமீட்டர். மலையை ஒட்டிய வலப்பக்கம் சித்தர்கள் நடக்கும் பாதை, மனிதர்கள் இடது ஓரமாகப் போக வேண்டும் என்பார்கள். வலமாக வருவதால் மலை எப்போதும் வலக்கைப் பக்கம், கடைகள் எல்லாம் இடக்கைப் பக்கம். பீப்பி, ஒலிபெருக்கி, மூலிகை எண்ணெய் விற்பவரின் மைக் எல்லாமே என் மூடிய காதில் மோதி மங்கிப் போயின. இடது காது அடைத்தவனுக்கு கிரிவலம் ஒரு நிம்மதி. இதை அக்காவிடம் சொன்னேன். சிரித்தாள், உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அக்னி லிங்கம் தாண்டி வேர்க்கடலை வாங்கினோம். வலப்பக்கம் மெல்லவே இல்லை, எல்லாவற்றையும் இடப்பக்கம் ஒதுக்கிக்கொண்டாள். ஆதி அண்ணாமலை தாண்டி டீ குடித்தபோது சூடு பட்டதும் காதில் சுரீர் என்றது என்றாள். குபேர லிங்கத்தில் தாடையோடு சேர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டாள். காதுக்குள் இருக்கிற நோய்க்கு டீயின் சூடு எப்படித் தெரியும்? திங்கட்கிழமை இருவருமாகப் போவதென்று முடிவு செய்தோம்.

18 நவம்பர், திங்கள்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, காது மூக்கு தொண்டைப் பிரிவு. பெஞ்சில் எங்களுக்கு முன்னால் செங்கம் பக்கத்து விவசாயி ஒருவர். ராத்திரி தூங்கும்போது பூச்சி புகுந்துவிட்டதாம். எண்ணெய் விட்டதும் அடங்கிவிட்டது என்றார். எண்ணெய்க்கு உருப்படியான வேலை ஒன்று உண்டென்றால் இதுதான். செவிப்பறை நன்றாக இருந்தால் பூச்சி மூழ்கிச் சாகும், குடைச்சல் நிற்கும். பிறகு மருத்துவர் எடுத்துவிடுவார். அவருக்குப் பக்கத்தில் மூக்குத்திக் கல்லைக் காதில் போட்டுக்கொண்ட சிறுமி. அடுத்து சமையல் வேலைக்குப் போகும் ஒரு பையன், காதை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

பையனுக்குக் காளான். நனைந்த நாளிதழைக் கிழித்துத் திணித்தது போல வெள்ளையும் கறுப்புப் புள்ளியுமாக இருக்கும் என்று மருத்துவர் பயிற்சி மாணவர்களுக்குக் காட்டினார். ஐப்பசி ஈரம், நாள் முழுக்க அடுப்படி நீராவி, அரிப்புக்கு ஊற்றிய எண்ணெய். முதலில் அரிப்பு, பிறகு வலி. காதில் தண்ணீரே படக் கூடாது, எண்ணெய் அறவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

பிறகு அக்கா. காதுக்கு முன்னால் இருக்கும் சிறு மடிப்பை மருத்துவர் அழுத்தினார். காதுத் துளையில் புண் இருந்தால் அங்கே அழுத்தியதும் உயிர் போகும். அக்கா பேசாமல் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். எண்ணெயைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"காது பளிச்னு இருக்கும்மா. வெத்தலை போடுவீங்களா?"

"போடுவேன்."

"புகையிலை?"

அக்கா என்னைப் பார்த்தாள். "கொஞ்சூண்டு."

மருத்துவர் கையுறை மாட்டிக்கொண்டார். நாக்கை நீட்டச் சொல்லி, துணியால் பிடித்து இருபுறமும் பார்த்தார். நாக்கின் அடியில், கன்னத்தின் உட்புறம், ஈறோரம் என்று விரலால் தடவித் தடவிப் போனார். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்தினார். கடைசியாகச் சிறு கண்ணாடியை உள்ளே விட்டுத் தொண்டையைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் எனக்கு மூச்சு வரவில்லை. பல், நாக்கு, தொண்டை, தாடை மூட்டு எல்லாவற்றுக்கும் காதோடு நரம்புத் தொடர்பு உண்டு. வலி அங்கே இருந்தாலும் மூளை அதைக் காதில்தான் வைக்கும். புகையிலை போடுகிறவர்கள் ஒரு பக்கக் காது வலி என்று வந்து, காதும் நன்றாக இருந்தால், வாயையும் தொண்டையையும் பார்க்காமல் அனுப்ப மாட்டோம் என்றார். புற்றுநோய் சிலரிடம் முதலில் காது வலியாகத்தான் தலைகாட்டும்.

அக்காவுக்கு அது இல்லை. கீழ் வரிசைக் கடைவாய்ப் பல்லை உலோகக் குச்சியின் காம்பால் தட்டினார். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். பல் பிரிவுக்குச் சீட்டு.

"அப்போ நான் ஒரு மாசமா ஊத்துன எண்ணெய்?"

"தலைக்குத் தேய்ச்சிருக்கலாம்மா."

என் முறை வந்தது. இசைக்கவையைத் தட்டி நடு நெற்றியில் வைத்தார். திறந்த காதில்தான் கேட்கும் என்று நினைத்திருந்தேன், அடைத்த காதில் ஓங்கிக் கேட்டது. வழி அடைத்திருந்தால் எலும்பு வழியாக வரும் ஒலி அந்தப் பக்கமே தூக்கலாகக் கேட்கும். நரம்புக் கோளாறாக இருந்தால் நல்ல காதுப் பக்கம் போயிருக்கும். இந்த ஒரு தட்டே அடைப்பின் பக்கம் கைகாட்டிவிட்டது. சர்க்கரை உண்டா, காதில் அறுவை நடந்ததா என்று கேட்டார். சர்க்கரைக்காரர்களின் காதில் சின்னப் புண்ணும் எலும்புவரை போய்விடக்கூடும் என்பதால் அவர்களிடம் தண்ணீர் பீய்ச்சத் தயங்குவார்கள்.

கிட்னி டிரேயைக் கழுத்தோரம் நானே பிடித்துக்கொண்டேன். பெரிய உலோக சிரிஞ்ச். தண்ணீரைப் புறங்கையில் விட்டுப் பார்த்தார். உடம்புச் சூட்டில், 37 டிகிரி அளவில், இருக்க வேண்டும். குளிர்ந்தாலும் சுட்டாலும் தலை கிறுகிறுக்கும். வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற மருத்துவர் நோயாளிகளின் காதைக் கழுவும்போது இந்தக் கிறுகிறுப்பைக் கவனித்துத்தான் உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பைச் சோதிக்கும் முறையைக் கண்டார். 1914-க்கான நோபல் பரிசு அதற்குத்தான். பரிசுச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதி. காது கழுவியதால் நோபல் வாங்கியவர் என்று சொன்னால் எதிர்வீட்டு ஆயா நம்ப மாட்டார்.

காதுமடலை மேலும் பின்னும் இழுத்துத் துளையை நேராக்கி, தண்ணீரைச் செவிப்பறை மேல் நேரே அடிக்காமல் மேல் சுவரோரமாகப் பீய்ச்சினார். தலைக்குள் அருவிச் சத்தம். எனக்கு இருமல் வந்தது. தொண்டைக்குப் போகும் நரம்பின் கிளை ஒன்று காதுத் துளைக்கும் வருகிறது, அதைத் தொட்டால் சிலருக்கு இருமும். டிரேயில் முதலில் வந்தது காபி நிறத் தண்ணீர், பிறகு மிளகளவுத் துண்டுகள். கடைசியாகக் கருஞ்சிவப்பில் ஒரு கட்டி, ஒரு முனை கூர்ந்து, பக்கவாட்டில் இரண்டு முடியோடு. அது விழுந்த சத்தம் இடது காதில் கேட்டது. உடனே மின்விசிறி, தள்ளுவண்டிச் சக்கரம், மூன்று பெஞ்ச் தள்ளி ஒரு பாட்டி மருமகளைத் திட்டுவது என்று எல்லாமே ஒரே நேரத்தில் வந்து விழுந்தன.

22 நவம்பர், வெள்ளி

அக்காவின் பல்லில் வேர்வரை சொத்தை. மாத்திரை கொடுத்து, வீக்கம் வடிந்ததும் பிடுங்கிவிட்டார்கள். காது வலி அன்றோடு சரி. அவள் காதில் குறும்பி தூளாக உதிரும், எனக்குப் பிசுபிசுப்பு. ஒரே வயிற்றில் பிறந்தும் இப்படி. இந்த வேறுபாடு ஒரே ஒரு மரபணுவில் இருக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-இல் கண்டார்கள். கிழக்காசியாவில் பெரும்பாலும் உலர்ந்த வகை, நம் பக்கம் இரண்டும் கலந்து. அவளுக்குக் காது அடைக்கவே அடைக்காது என்ற பெருமை தாங்கவில்லை. புகையிலையை விட்டுவிட்டதாகச் சொல்கிறாள். சுருக்குப்பையை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் வெற்றிலை புகையிலை போடும் பெரியவர் யாராவது, சீழோ அடைப்போ இல்லாமல், ஒரே பக்கம் காது வலிக்கிறது என்று இரண்டு மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் எண்ணெய் காய்ச்சிக்கொண்டு உட்காராதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு காலையில்தான் போடுவார்கள். வரிசை நீளமாக இருக்கும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.