பழைய ரோலருக்குப் பக்கத்தில்

கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலைக்கு ஏறும் பாதையில் மூன்று நான்கு கிலோமீற்றர் போனால், நான்கு மாடியும் நீண்ட ஜன்னல் வரிசைகளுமாக ஒரு பழைய கட்டடம் நிற்கும். 1925இல் கட்டிய தேயிலை ஸ்டோர் அது. எந்திரம் ஓய்ந்து பல வருடம் பூட்டிக் கிடந்ததை, தேயிலைச் சபையும் பெருந்தோட்டத் துரைமார் சங்கமும் முன்னின்று 2001இல் நூதனசாலை ஆக்கினார்கள். பிள்ளைகளே, உங்களில் பலர் அங்கே போய் வந்திருப்பீர்கள். மேல்மாடியில் தேநீர் நன்றாக இருந்தது என்கிறீர்கள். கீழே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "பழைய இரும்பு" என்கிறீர்கள்.

அந்தப் பழைய இரும்பைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். கண்டிச் சீமையின் ஸ்டோர்களில் பிட்டராக வாழ்நாளைக் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. மூடிய ஸ்டோர்களிலிருந்து வந்த பழைய எந்திரங்களைச் செப்பனிடும் சிறு பட்டறை ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த எந்திரங்களில் முதலில் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. அதன் பெயர் ரோலர்.

ரோலர் என்றதும் ரோடு போடும் உருளையை நினைத்துவிடாதீர்கள். ஒரு வட்டமான மேசை. அதன்மேல் அடிப்பாகம் இல்லாத ஒரு பெரிய உருளைப் பெட்டி. மேல்மாடிகளில் தட்டுத்தட்டாகப் பரப்பி ஓர் இரவு வாட்டிய கொழுந்தை அதில் கொட்டுவார்கள். ஸ்டோருக்கு அத்தனை மாடி எதற்கு என்ற கேள்விக்கும் இதுதான் பதில். காற்றில் வாட்ட இடம் வேண்டும். பெட்டி மேசைமேல் வட்டமிட்டுச் சுற்றும். மேலிருந்து ஒரு மூடி அழுத்தும். மேசையில் பிறை வடிவில் பதித்த கட்டைகள் இலையைப் புரட்டி முறுக்கும். சாறு கசிந்து, காற்றுப் பட்டு, பச்சை மெல்லச் செம்பாகும். அஸ்ஸாமில் இந்த எந்திரத்துக்கு 1870களில் உருக்கொடுத்தவர் வில்லியம் ஜாக்சன் என்ற ஸ்கொத்லாந்துக்காரர்; இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோவில் மார்ஷல் கம்பனி வார்த்து அனுப்பியது. கொழுந்தை உலர்த்தும் சிரோக்கோவைச் செய்த சாமுவேல் டேவிட்சன், கச்சார் தோட்டத்தில் துரையாக இருந்துவிட்டு பெல்பாஸ்டுக்குத் திரும்பியவர். தோட்டத்தில் நின்று வேலையைப் பார்த்தவர்கள் செய்த எந்திரங்கள் இவை. பழுது பார்க்கிறவனுக்கு அது தெரியும். எந்த நட்டும் கை எட்டாத இடத்தில் இருக்காது.

நட்டு என்றேன். எனக்கு வேலை பழக்கியவர் ஒரு சிங்களப் பெரியவர். பாஸ் உன்னாஹே என்றுதான் கூப்பிடுவோம். தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார். ஒரு பழைய ரோலரைப் பிரிக்கும்போது பெரிய நட்டு ஒன்று துருவேறிப் பிடித்துக்கொண்டது. பட்டறைப் பையன் ஒருவன் குழாயை ஸ்பேனரில் மாட்டித் தொங்கப் பார்த்தான். பாஸ் அவன் தோளைப் பிடித்தார். "தம்பி, உன் தாத்தா காலத்துல இறுக்கின நட்டு. இன்னைக்குச் சாயந்தரமே விடச் சொன்னா விடுமா?" பிறகு அந்த ஸ்பேனரையே வாங்கி ஓரமாக வைத்தார். அந்தக் காலத்து எந்திரங்களின் மரை விட்வொர்த் அளவு. இப்போதைய மில்லிமீற்றர் ஸ்பேனர் அதில் சரியாக உட்காராது. உட்காராத ஸ்பேனரால் திருகினால் நட்டின் மூலை மழுங்கும். மழுங்கிய நட்டை யாராலும் காப்பாற்ற முடியாது. நட்டைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றிவிட்டார். காலையும் மாலையும் சின்னச் சுத்தியலால் நாலு பக்கமும் மெதுவாகத் தட்டுவார். மறுபடியும் நனைப்பார். வாரம் ஒன்று போயிருக்கும். ஒரு காலையில் தட்டும் ஓசை மாறியிருந்தது. சரியான ஸ்பேனரை மாட்டினார். ஒரு கையாலேயே விட்டுக்கொடுத்தது.

பொறுமை என்றால் கையைக் கட்டிக்கொண்டு விதியே என்று உட்கார்ந்திருப்பது என்று இளையவர்கள் பலர் நினைக்கிறீர்கள். அதனால்தான் அந்தச் சொல் உங்களுக்குக் கசக்கிறது. பாஸ் அந்த வாரத்தில் ஒரு நாளும் சும்மா இருக்கவில்லை. இரும்புக்கு வேண்டிய காலத்தைக் கொடுத்தார்; அந்தக் காலத்துக்குள் தன் வேலையையும் செய்தார். வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளிடமும், வெளிநாட்டு விசாவுக்கு நிற்கும் பிள்ளைகளிடமும் இதையே நான் சொல்வதுண்டு. காத்திருக்கிற நாளில் காலையும் மாலையும் நாலு தட்டுத் தட்டுங்கள்.

வார்ப்பிரும்பின் குணம் இன்னும் கடினம். அடித்தால் நசுங்காது, உடையும். விரிசல் கண்ட ஒரு சட்டத்தை ஒட்ட வேண்டுமென்றால், முதலில் முழுச் சட்டத்தையும் சூடாக்க வேண்டும்; சூட்டோடு ஒட்ட வேண்டும்; ஒட்டியதும் சாம்பலில் புதைத்து ஒரு நாளாவது மூடி வைக்க வேண்டும். வேகமாக ஆறினால் ஓரிடம் சுருங்கும், பக்கத்து இடம் சுருங்காது; இழுபறியில் மறுபடியும் விரிசல் விடும். ஒரு முறை லொறி வாசலில் நிற்கிறது என்று சாம்பலைக் கிளறிச் சட்டத்தை வெளியே எடுக்கச் சொன்னார் சொந்தக்காரர். எடுத்தோம். நல்ல மழைக்காற்று. நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே டிங் என்று சத்தம் கேட்டது. லொறி வெறுமனே திரும்பியது. அவசரம் அவருடையது, இரும்பினுடையது அல்ல. குடும்பத்தில் சண்டை ஓய்ந்த அன்றைக்கே பழையபடி சிரித்துப் பேசு என்று யாராவது வற்புறுத்தினால் எனக்கு அந்த டிங் சத்தம்தான் ஞாபகத்துக்கு வரும். உறவும் சாம்பலுக்குள் கொஞ்சம் கிடக்கட்டும்.

பிரித்த எந்திரத்தைத் திருப்பிக் கோக்கும்போது இன்னொரு சோதனை வரும். தேய்ந்த பேரிங்கில் வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றுவோம். பிறகு ஷாப்டில் நீலச் சாயம் பூசி அதில் வைத்துச் சுற்றினால், எங்கே முட்டுகிறதோ அங்கே நீலம் ஒட்டும். அந்த இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். கண்ணுக்கு வழவழப்பாக இருக்கிறதே, போதாதா என்று கேட்பார்கள். நீலம் சொல்வதைக் கேட்டவன் செய்த பேரிங் வருடக்கணக்கில் ஓடும். கண் சொல்வதைக் கேட்டவன் செய்தது ஒரு சீசனில் சூடேறி உருகும்.

பெயின்ட் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. பார்வைக்கு வைக்கும் எந்திரம் என்றால் பளபளவென்று பச்சை அடித்துவிட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். செய்தவன் பெயர் வார்த்த எழுத்துகளைக்கூடப் பெயின்டால் மூடுகிறார்கள். ஒட்டுப் போட்ட இடம் ஒட்டுப் போட்ட இடமாகவே தெரியட்டும் என்பேன். அந்த ஒட்டை ஒருவன் ராத்திரி விழித்திருந்து போட்டிருக்கிறான்.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு வந்தது. இந்த மாற்றங்களுக்கு நடுவே எத்தனையோ ஸ்டோர்கள் மூடின. எந்திரங்கள் கிலோக் கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போயின. தப்பியவை கொஞ்சம். ஹந்தானையில் நீங்கள் பார்ப்பது அந்தக் கொஞ்சத்தில் ஒரு பங்கு.

ஹந்தானையில், இலங்கையில் தேயிலைத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லருக்குத் தனி இடம் உண்டு. 1852இல் பதினாறு, பதினேழு வயதில் இலங்கைக்கு வந்தவர். கலஹா, தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துரவில் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டார். முதலில் பங்களாத் திண்ணையில் கையாலேயே கொழுந்தை உருட்ட வைத்தார். 1872இல் எந்திரத்தோடு ஸ்டோர் அமைத்தார். 1892இல் இறக்கும்வரை அதே மலையிலேயே வாழ்ந்தார். நாற்பது வருடம் ஓரிடத்தில் நின்று ஒரே வேலையைத் திருத்திக்கொண்டே இருந்த மனிதர் என்பதால் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. கல்லறை கண்டி மஹியாவையில் இருக்கிறது. பெயரும் தேதியும் தெளிவாக வெட்டியிருக்கிறார்கள். அவர் உடலைத் தோட்டத்து ஆட்கள் மலைப்பாதையில் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து வந்தார்கள் என்று சொல்வார்கள். சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. திண்ணையில் கொழுந்து உருட்டிய கைகளின் பெயரும் இல்லை.

2023இல், எங்கள் மக்கள் மலையகம் வந்து இருநூறு வருடம் ஆனதற்கு மலையகம் இருநூறு என்று ஊர்வலம் போனோம், மேடை போட்டோம், நல்ல காரியம். அதைவிடச் சின்னக் காரியம் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த முறை ஹந்தானைக்குப் போகும்போது லயத்தில் இருக்கும் தாத்தாவையும் அப்பாயியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கீழ்மாடியில் ரோலருக்குப் பக்கத்தில் நாற்காலி கேட்டு வாங்கி உட்காரவையுங்கள். எந்த ஸ்டோரில் யார் இன்ஜின் ஓட்டினார், யார் ரோலரில் நின்றார், யார் விரலை பெல்ட்டில் கொடுத்தார் என்று கேளுங்கள். சொல்லும் பெயர்களை அப்பன் பெயரோடும் டிவிஷன் பெயரோடும் அன்றைக்கே கொப்பியில் எழுதிவிடுங்கள். திங்கட்கிழமை பூட்டியிருப்பார்கள், வேறு நாளாகப் பாருங்கள்.